டி.ஓ. படித்தவர் முழு டாக்டரா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். அமெரிக்காவில் வளர்ந்த உங்கள் மகளுக்கு எம்.டி. கல்லூரிகளில் (அங்கே எம்.டி. என்பது நம் ஊர் எம்.பி.பி.எஸ். போல டாக்டராவதற்கான முதல் பட்டம்) இடம் கிடைக்கவில்லை. ஒரு ஆஸ்டியோபதி (எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்யும் முறையிலிருந்து வளர்ந்த) மருத்துவக் கல்லூரியில் டி.ஓ. என்ற மருத்துவப் பட்டம் படிக்க இடம் வந்திருக்கிறது. ஊரிலிருக்கும் பெரியப்பா, "அது நம்ம புத்தூர் கட்டு மாதிரி எலும்பு வைத்தியமாமே, அதற்கா இத்தனை கடன்?" என்று கேட்டுவிட்டார். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் ஆகா ஓகோ என்கிறார்கள், இன்னொரு பக்கம் ஆஸ்டியோபதி என்பதே போலி அறிவியல் என்கிறார்கள். புதிய ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன, ஒரு வருடம் பொறுத்து மறுபடி எம்.டி.க்கு முயற்சி செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. டி.ஓ. பட்டம் பெற்றவர் முழு மருத்துவரா என்பது ஒன்று. ஆஸ்டியோபதியின் கைச்சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குத் தயங்காமல் ஆமாம் என்று சொல்ல முடியும். இரண்டாவதற்குக் கொஞ்சம் உண்டு, நிறைய இல்லை என்றுதான் சொல்ல முடியும். ஒன்றின் பதிலை எடுத்து மற்றதற்குப் போட்டுவிடுவதால்தான் இவ்வளவு குழப்பமும் வருகிறது.

நான் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, மிஷிகனில் பொது மருத்துவத்தில் ரெசிடென்சி என்ற மேற்பயிற்சி செய்து, பதினெட்டு ஆண்டுகளாக இங்கேயே உள்நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். எம்.டி., டி.ஓ. இரண்டு வகை ரெசிடென்ட்களுக்கும் வார்டில் சொல்லிக்கொடுப்பது என் வேலையில் பாதி. ஆஸ்டியோபதி கைச்சிகிச்சையை நான் முறையாகப் படித்தவன் இல்லை, செய்யவும் தெரியாது. அதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தும், செய்பவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தும் தெரிந்துகொண்டதுதான்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நம் ஊரில் ஒரு டாக்டரின் பலகையில் எம்.பி.பி.எஸ்., டி.ஓ. என்று இருந்தால் அவர் கண் மருத்துவத்தில் டிப்ளமோ வாங்கியவர். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொண்ட ஆஸ்டியோபதிக்காரர்கள் இருக்கிறார்கள். முதுகுவலி, கழுத்துவலிக்குக் கையால் சிகிச்சை செய்வார்கள், மருந்து எழுதுவதோ அறுவை செய்வதோ அவர்கள் வேலை கிடையாது. ஆஸ்திரேலியாவிலும் ஏறக்குறைய அப்படித்தான். இந்தியாவில் அந்தப் பெயரில் கிளினிக் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பிசியோதெரபி படித்துவிட்டு மேற்கொண்டு பயிற்சி எடுத்தவர்கள். அமெரிக்காவின் டி.ஓ. வேறு. நான்கு வருட மருத்துவக் கல்லூரி, அதன்மேல் ரெசிடென்சி, ஐம்பது மாநிலங்களிலும் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் முழு லைசென்ஸ். நீங்கள் இணையத்தில் படித்த கண்டனங்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வகையைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

ஆனால் பெரியப்பாவின் சந்தேகம் காரணமில்லாமல் வந்ததில்லை. ஆரம்பத்தில் அது உண்மையிலேயே எலும்பு வைத்தியம்தான். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1828இல் வர்ஜீனியாவில் பிறந்து, எல்லைப்புறக் கிராமங்களில் வைத்தியம் பார்த்தவர். 1864இல் மூளைக்காய்ச்சலில் அவருடைய மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். அந்தக் காலத்து வைத்தியம் என்னவென்று நினைத்துப் பாருங்கள்: பாதரசம் கலந்த கேலமெல், ரத்தம் வடிப்பது, அபின், சாராயம். இதனால் நோயாளி பிழைத்ததைவிடச் செத்ததுதான் அதிகம் என்ற முடிவுக்கு அவர் வந்ததில் தவறு காண முடியாது. உடம்புக்குத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் திறன் உண்டு, எலும்பும் தசையும் இடம் மாறியிருந்தால் ரத்த ஓட்டம் தடைபட்டு நோய் வரும், கையால் அதைச் சரிசெய்தால் போதும் என்று 1874இல் அறிவித்தார். 1892இல் மிசௌரி மாநிலத்தில் கெர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டார். மருந்து வேண்டாம் என்று சொன்னதில் அவர் காலத்து மருந்துகளைப் பொறுத்தவரை பாதி நியாயம் இருந்தது. எல்லா நோய்க்கும் எலும்புதான் காரணம் என்றதில் நியாயம் இல்லை, அதை இன்று எந்த டி.ஓ. கல்லூரியும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 1910இல் ஃபிளெக்ஸ்னர் அறிக்கை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆஸ்டியோபதி கல்லூரிகளையும் விடாமல் கடுமையாகச் சாடியது. அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தக் கல்லூரிகள் மருந்தியலையும் அறுவை மருத்துவத்தையும் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தன. இரண்டாம் உலகப் போரில் டி.ஓ.க்களை ராணுவ மருத்துவர்களாக எடுக்கவில்லை. 1966இல் எடுத்துக்கொள்ள முடிவானது. முழு லைசென்ஸ் தந்த கடைசி மாநிலம் மிசிசிப்பி, ஆண்டு 1973. இதற்கு நடுவே கலிஃபோர்னியாவில் நடந்ததை என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். 1961இல் அங்கே இருந்த ஆஸ்டியோபதி கல்லூரி எம்.டி. கல்லூரியாக மாறியது. மாநிலத்திலிருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் டி.ஓ.க்கள் 65 டாலர் கட்டி எம்.டி. பட்டம் வாங்கிக்கொண்டார்கள். முதல் நாள் பார்த்த அதே நோயாளிகளை மறுநாளும் அதே கையால் பார்த்தார்கள், பலகையில் இரண்டு எழுத்து மட்டும் மாறியிருந்தது. புதிய டி.ஓ.க்களுக்கு லைசென்ஸ் தருவதை மாநிலம் 1962இல் நிறுத்திக்கொண்டது. 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுபடியும் தரச் சொல்லிவிட்டது. காசு கட்டினால் ஒரே நாளில் எம்.டி. ஆகிவிடலாம் என்றால் அதுவரை இருந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று அந்த வழக்கை நடத்தியவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

வரலாறு இருக்கட்டும், இன்றைக்கு நோயாளிக்கு ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? இதற்குத்தான் 2023இல் நல்ல ஆய்வு ஒன்று வந்தது. அட்சுஷி மியாவாக்கி, யூசுகே சுகாவா முதலானோர் செய்து உள்மருத்துவத்தின் முக்கியமான இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். 2016 முதல் 2019 வரை மருத்துவமனையில் சேர்ந்த, 65 வயதுக்கு மேற்பட்ட, மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் இருந்த நோயாளிகள் சுமார் 3,29,500 பேர். யாரை எம்.டி. பார்த்தார், யாரை டி.ஓ. பார்த்தார் என்று பிரித்து, முப்பது நாளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். எம்.டி. பார்த்தவர்களில் 9.4 சதவீதம், டி.ஓ. பார்த்தவர்களில் 9.5 சதவீதம். மறுபடி அட்மிட் ஆனவர்கள் 15.7, 15.6. தங்கிய நாட்கள் இரண்டு பக்கமும் 4.5. இந்த ஆய்வு எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. என்னைப்போல் மருத்துவமனையில் ஷிப்டில் வேலை செய்பவர்களை நோயாளி தேர்ந்தெடுப்பதில்லை. இரவு பதினோரு மணிக்கு மூச்சுத் திணறலோடு ஒருவர் வந்தால், அன்றைக்கு யார் ட்யூட்டியோ அவர்தான் பார்ப்பார். கிட்டத்தட்ட சீட்டு குலுக்கிப் போட்ட மாதிரி. அதனால் நல்ல டாக்டரிடம் லேசான நோயாளிகள் போய்விட்டார்கள் என்ற வாதம் இங்கே எடுபடாது. இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன்: முதியவர்கள், உள்நோயாளிகள், பொது மருத்துவம், அவ்வளவுதான். குழந்தை மருத்துவத்துக்கோ வெளிநோயாளிகளுக்கோ இதை அப்படியே இழுக்கக் கூடாது. ஆனாலும் என் வார்டைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு எனக்கு ஆச்சரியம் தரவில்லை. மூன்றாம் வருட ரெசிடென்ட் ஒருவர் எந்தப் பட்டம் வாங்கியவர் என்று யாராவது கேட்டால், அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துத்தான் என்னால் சொல்ல முடியும்.

படிப்புக்குப் பிந்தைய பயிற்சியும் ஒன்றாகிவிட்டது. முன்பு டி.ஓ.க்களுக்கென்று தனி ரெசிடென்சிகள் இருந்தன. 2014இல் ஒப்பந்தம் போட்டு, 2020 ஜூலைக்குள் எல்லாவற்றையும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் 'மேட்ச்' என்ற ஏற்பாட்டில் 2024ஆம் ஆண்டு அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கும் டி.ஓ. மாணவர்களில் 92.3 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. இன்று அமெரிக்காவில் மருத்துவம் படிக்கும் நான்கு பேரில் ஒருவர் டி.ஓ. கல்லூரியில் இருக்கிறார். டிரம்ப் முதல்முறை அதிபராக இருந்தபோது கோவிட் வந்த நேரத்தில் அவருக்கு மருத்துவராக இருந்த ஷான் கான்லியும், பைடன் அதிபராக இருந்தபோது அவருக்கு மருத்துவராக இருந்த கெவின் ஓ'கானரும் டி.ஓ.க்கள்தான். பெரியப்பாவுக்கு ஆய்வுக் கட்டுரையைவிட இந்தத் தகவல்தான் சட்டென்று எட்டும் என்று நினைக்கிறேன்.

அதற்காக எல்லாமே சமம் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். 92க்கும் 93க்கும் வித்தியாசம் சிறிதுதான். ஆனால் எந்தத் துறையில் இடம் கிடைத்தது என்று பார்த்தால் வித்தியாசம் பெரிது. தோல் மருத்துவம், நரம்பு அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி போன்ற போட்டி மிகுந்த துறைகளில் டி.ஓ. மாணவர்களுக்கு வழி குறுகல். சில பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகள் அவர்களுடைய விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. தகுதியைப் பார்த்து எடுக்கும் முடிவாக எனக்கு இது தெரியவில்லை, பழக்கத்தில் வருவது. இருந்தாலும் உங்கள் மகள் எதிர்கொள்ளப்போவது அதைத்தான். இன்னொரு சுமை தேர்வு. டி.ஓ. மாணவர்களுக்குக் காம்லெக்ஸ் என்ற தங்கள் லைசென்ஸ் தேர்வு கட்டாயம். ரெசிடென்சிக்கு ஆள் எடுப்பவர்கள் பலருக்கு அந்த மதிப்பெண்ணைப் படிக்கத் தெரியாது என்பதால், எம்.டி. மாணவர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ.யையும் சேர்த்து எழுதுகிறார்கள் பலர். இரண்டு கட்டணம், இரண்டு தயாரிப்பு. 2022இலிருந்து இரண்டு தேர்வுகளின் முதல் கட்டமும் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே வருகிறது. எடை முழுவதும் இரண்டாம் கட்டத்தின் மேல் விழுந்துவிட்டது.

சரி, கைச்சிகிச்சைக்கு வருகிறேன். எம்.டி. பாடத்தோடு சேர்த்து டி.ஓ. மாணவர்கள் இரண்டு வருடத்தில் சுமார் 200 மணி நேரம் இதைப் படிக்கிறார்கள். ஒருமுறை ஒரு கல்லூரியின் பயிற்சிக் கூடத்துக்குப் போயிருந்தேன். நீளமான அறை, வரிசையாக ரெக்சின் போட்ட தாழ்வான மேசைகள். மாணவர்கள் அரைக்கால் சட்டையும் பனியனுமாக இரண்டிரண்டு பேராக நிற்கிறார்கள். ஒருவர் படுத்துக்கொள்ள, மற்றவர் "இங்கே கை வைக்கலாமா?" என்று கேட்டுவிட்டு முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் மெல்ல இறங்கிக்கொண்டே வருகிறார். ஓரிடத்தில் நிறுத்தி, "இந்தப் பக்கம் கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்கிறார். ஆசிரியை வந்து தானும் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஒரு விரல் கீழே" என்கிறார். நம் ஊரில் சுளுக்கு எடுப்பவர்கள் நீவிப் பார்த்துக் கண்டுபிடிப்பது நினைவுக்கு வந்தது. நான் எம்.பி.பி.எஸ். படித்த ஐந்தரை வருடத்தில் உடன் படித்த ஒருவரின் முதுகை இவ்வளவு கவனமாக யாரும் என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னதில்லை.

இந்தச் சிகிச்சை பலிக்கிறதா என்றால், கீழ் முதுகுவலிக்குத்தான் ஆய்வு அதிகம். மூன்று ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால் நிலவரம் புரியும். 1999இல் சிகாகோவில் 178 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை, மற்றவர்களுக்கு ஆஸ்டியோபதி கைச்சிகிச்சை கொடுத்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேறினார்கள். கைச்சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி மாத்திரையும் பிசியோதெரபியும் குறைவாகத் தேவைப்பட்டன. 2013இல் டெக்சாஸில் 455 பேரை வைத்து, உண்மைச் சிகிச்சையையும் ஒப்புக்குச் செய்யும் பொய்ச் சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். வலி முப்பது சதவீதமாவது குறைந்தவர்கள் உண்மைச் சிகிச்சையில் 63 சதவீதம், பொய்ச் சிகிச்சையில் 46 சதவீதம். இதைப் பார்த்து ஆஸ்டியோபதிக்காரர்கள் மகிழ்ந்தார்கள். பிறகு 2021இல் பிரான்சிலிருந்து 400 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. நாட்பட்ட முதுகுவலியால் அன்றாட வேலைகள் எவ்வளவு முடங்குகின்றன என்பதை நூற்றுக்கு மதிப்பெண் போட்டு அளந்தார்கள். மூன்று மாதத்தில் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 4.7 புள்ளி குறைந்தது, பொய்ச் சிகிச்சைக்காரர்களுக்கு 1.3. வித்தியாசம் 3.4 புள்ளி. புள்ளியியல்படி இது தற்செயலாக வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் நூற்றுக்கு மூன்று புள்ளி என்பது குனிந்து செருப்பு மாட்டுகிறவருக்குத் தெரியுமா? தெரியாது என்பதுதான் அந்த ஆய்வாளர்களே சொன்னது. வலியின் அளவிலோ இரண்டு சாராருக்கும் வித்தியாசமே இல்லை.

மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இது. முதுகுவலிக்குக் கைச்சிகிச்சையால் சிறிது பலன் உண்டு, அதில் கணிசமான பங்கு ஒருவர் அரை மணி நேரம் அக்கறையோடு தொட்டுப் பேசுவதால் வருவது. அந்தப் பங்கைப் பிரித்தெடுக்கத்தான் பொய்ச் சிகிச்சை வைக்கிறார்கள். இந்த ஆய்வுகளின் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. மாத்திரை என்றால் அதே நிறத்தில் மாவு மாத்திரை கொடுத்துவிடலாம், கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. கைக்குப் பதில் எதை வைப்பது? சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு தொடுதல்தானே. சிகிச்சை செய்பவருக்கோ, தான் செய்வது உண்மையா பொய்யா என்று தெரியும். அது அவர் முகத்திலும் குரலிலும் கசியும். எவ்வளவு நேர்மையாக வடிவமைத்தாலும் இந்த ஓட்டையை முழுதாக அடைக்க முடியாது. அதனால் இந்தத் துறையில் பெரிய பலன் என்று சொல்லும் ஆய்வையும், பலனே இல்லை என்று அடித்துச் சொல்லும் ஆய்வையும் நான் ஒரே நிதானத்தோடுதான் படிப்பேன்.

நிமோனியா ஆய்வு ஒன்று இந்தச் சிக்கலை இன்னும் நன்றாகக் காட்டும். 1918 ஃப்ளூ காலத்தில் தங்கள் நோயாளிகள் குறைவாகவே இறந்தார்கள் என்று ஆஸ்டியோபதிக்காரர்கள் தாங்களே திரட்டிய கணக்கு ஒன்று நெடுநாளாகப் புழங்கிவந்தது. தாங்களே எண்ணிய கணக்கு என்பதால் அதை நம்ப முடியாது. முறையாகச் சோதிக்க வேண்டும் என்று ஏழு மருத்துவமனைகளில் 406 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2010இல் வெளியிட்டார்கள். ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் உண்டு. அதோடு ஒரு சாராருக்கு விலா, உதரவிதானம் பகுதிகளில் கைச்சிகிச்சை, ஒரு சாராருக்கு லேசான தொடுதல், ஒரு சாராருக்கு எதுவும் இல்லை. சேர்ந்தவர்கள் எல்லோரையும் கணக்கில் எடுத்தபோது வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. திட்டப்படி முழுச் சிகிச்சையும் பெற்றவர்களை மட்டும் எடுத்தபோது, கைச்சிகிச்சை பெற்றவர்கள் 3.5 நாளிலும் எதுவும் பெறாதவர்கள் 4.5 நாளிலும் வீடு திரும்பியிருந்தார்கள். ஒரு நாள் மிச்சம் என்று இதைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். முழுச் சிகிச்சையும் பெற முடிந்தவர்கள் முதலிலேயே கொஞ்சம் தெம்பாக இருந்தவர்களாக இருக்கலாம். அதனால் முதல் கணக்கைத்தான் நான் நம்புவேன். என் வார்டில் நிமோனியாவுக்கு யாராவது கைச்சிகிச்சை செய்ய விரும்பினால் தடுக்க மாட்டேன், செய்யச் சொல்லவும் மாட்டேன்.

கர்ப்பிணிகளின் கடைசி மூன்று மாத முதுகுவலிக்கு 2015இல் 400 பெண்களை வைத்து நடந்த ஆய்விலும் இதே கதை. சும்மா விட்டவர்களைவிடக் கைச்சிகிச்சை பெற்றவர்கள் நன்றாக இருந்தார்கள், பொய்யான அல்ட்ராசவுண்ட் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை. மண்டையோட்டு எலும்புகளின் நுண்ணிய அசைவை விரலால் உணர்ந்து சரிசெய்வதாகச் சொல்லும் ஒரு கிளை இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை என்று நான் தெளிவாகவே சொல்வேன். ஒரே நோயாளியை இருவர் தொட்டால் இருவரும் வேறு வேறு சொல்கிறார்கள், 2016இல் எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தவர்களும் நம்பத்தகுந்த பலன் எதையும் காணவில்லை. அது இன்னும் சில கல்லூரிகளின் பாடத்திலும் தேர்விலும் இருப்பது எனக்கு வருத்தம்தான். உங்கள் மகள் அதைத் தேர்வுக்காகப் படித்துக்கொள்ளட்டும், நோயாளியிடம் கொண்டுபோக வேண்டாம். கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி எடுக்கும் முறையிலும் எச்சரிக்கை வேண்டும். அரிதாக என்றாலும் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. அப்படிக் குழாய் ஏற்கெனவே கிழிந்து, அந்த வலிக்காகவே சிகிச்சைக்கு வந்தவர்களும் அதில் இருக்கலாம் என்பதால் காரணம் எது என்று முடிவாகவில்லை. முடிவாகும்வரை அதைத் தவிர்ப்பதே நல்லது.

பெரும்பாலான டி.ஓ.க்கள் படிப்பு முடித்தபின் கைச்சிகிச்சையை அதிகம் செய்வதில்லை என்பதையும் பெரியப்பாவிடம் சொல்லலாம். 2001இல் வந்த ஒரு கருத்தாய்விலேயே பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட அதைச் செய்வதில்லை என்று சொன்னார்கள். நான் பார்த்தவரை இப்போது இன்னும் குறைவு. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி என்று அட்டவணை போட்டிருக்கும் கிளினிக்கில் முதுகை நீவ யாருக்கு நேரம் இருக்கிறது? அப்படியானால் அந்த 200 மணி நேரமும் வீணா என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவக் கல்வி ஆய்வுகளில் இதற்கு ஓரளவு வெளிச்சம் உண்டு. மொகம்மத்ரேசா ஹோஜத் என்பவர் பிலடெல்ஃபியாவில் பல ஆண்டுகளாக மருத்துவ மாணவர்களின் பரிவுணர்வை அளந்துவருபவர். இருபது கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை அவர் குழு உருவாக்கியது. மூன்றாம் வருடம் வார்டுக்குள் நுழைந்ததும் மாணவர்களின் பரிவு மதிப்பெண் குறைகிறது என்பது அவர்கள் முன்பே கண்டது. அதையே 41 ஆஸ்டியோபதி வளாகங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் செய்து பார்த்தபோது, இங்கும் குறைகிறது, ஆனால் எம்.டி. மாணவர்கள் அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. தொட்டுப் பழகியதால்தான் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. ஒரே மாணவரை நான்கு வருடம் தொடராமல், ஒரே சமயத்தில் நான்கு வகுப்புகளையும் அளந்த ஆய்வு இது. மாணவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதைத்தான் அளந்தது. பரிவுள்ளவர்கள் அந்தக் கல்லூரிகளைத் தேடிப் போகிறார்களா, கல்லூரி அவர்களை அப்படி ஆக்குகிறதா என்பதற்கும் இதில் பதில் இல்லை.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், இது ஆதாரம் ஆகாது என்ற எச்சரிக்கையோடு. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா இடது மார்பில் வலி என்று சேர்ந்திருந்தார். இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, சி.டி. எல்லாம் முடிந்து எல்லாமே சரியாக இருந்தது, வலி மட்டும் போகவில்லை. நாங்கள் ஐந்து பேர் கட்டிலைச் சுற்றி நின்று கணினித் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். டி.ஓ. படித்த இளம் ரெசிடென்ட் ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, "தொட்டுப் பார்க்கலாமா அம்மா?" என்கிற மாதிரி அவர்கள் மொழியில் கேட்டாள். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள். நான்காவதும் மார்பெலும்பும் சேரும் இடத்தில் விரல் பட்டதும் அந்த அம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இதுதான், இதேதான்" என்றார். இரண்டு வாரமாக விடாமல் இருமியதில் அந்த மூட்டு வீங்கி நொந்திருந்தது. தொட்டால் வலிக்கிறது என்பதை மட்டும் வைத்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. பரிசோதனைகள் முன்பே முடிந்திருந்ததால்தான் அந்தக் கண்டுபிடிப்புக்கு மதிப்பு. ஆனால் மூன்று நாளாக அந்த அம்மாவின் மார்பை ஸ்டெதஸ்கோப் தொட்டிருந்ததே தவிர எங்கள் யாருடைய விரலும் தொட்டிருக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து நான் வார்டு ரவுண்டில் உட்கார்ந்துதான் நோயாளியைப் பார்க்கிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். மகள் பொது மருத்துவம், குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், மனநலம், அவசரச் சிகிச்சை, மயக்க மருத்துவம் இவற்றில் எதையாவது நினைத்திருந்தால் ஒரு வருடத்தைக் கழிக்க வேண்டாம், சேரட்டும். கையில் வந்த இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு மறுபடி விண்ணப்பித்தால், சேர்க்கைக் குழுவினர் அதைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். மறுமுறை இதுவும் கிடைக்காமல் போகலாம். தோல் மருத்துவம்தான் வேண்டும், அல்லது ஆய்வுக்கூடத்தில்தான் வாழ்க்கை என்று அவள் உறுதியாக இருந்தால் மட்டும், மதிப்பெண்ணை உயர்த்த வழி உண்டா என்று பார்த்துக் காத்திருப்பது பற்றி யோசிக்கலாம்.

சேருவதற்கு முன் எம்.டி.யா டி.ஓ.வா என்பதைவிட அதிகமாக விசாரிக்க வேண்டியது மூன்றாம், நான்காம் வருடத்தைத்தான். ஆஸ்டியோபதி கல்லூரிகள் பலவற்றுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. மாணவர்களைச் சுற்றுவட்டாரச் சிறு மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள். சில இடங்களில் நல்ல ஆசிரியர்கள் இருப்பார்கள், சில இடங்களில் ஒரே டாக்டரின் பின்னால் ஒரு மாதம் நடந்துவிட்டு வர வேண்டியதுதான். என்னிடம் வரும் ரெசிடென்ட்களில் முதல் மாதம் தடுமாறுபவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை இடத்தில் பழகியிருப்பார்கள், எந்தப் பட்டமானாலும். அந்தக் கல்லூரியின் இப்போதைய நான்காம் வருட மாணவர்கள் இரண்டு பேரிடம் உங்கள் மகளைப் பேசச் சொல்லுங்கள். பொது மருத்துவ ரொட்டேஷனை, அதாவது அந்தத் துறையின் வார்டுப் பயிற்சியை, எங்கே செய்தார்கள், அங்கே ரெசிடென்ட்கள் இருந்தார்களா, இரவு ட்யூட்டி பார்த்தார்களா, ரொட்டேஷனுக்காக எத்தனை முறை வீடு மாற வேண்டியிருந்தது, கல்லூரி தங்களுக்காக அந்த மருத்துவமனையோடு பேசி ஏற்பாடு செய்ததா, தாங்களே மின்னஞ்சல் அனுப்பித் தேடிக்கொண்டார்களா என்று கேட்கட்டும். கிடைக்கும் பதில்களை இங்கே எழுதுங்கள், அந்தக் கல்லூரியைப் பற்றி அப்போது இன்னும் திட்டமாகச் சொல்கிறேன்.